மீற்றர்காரரின் நேர்த்தி

எங்கள் வீட்டில் நேர்த்தி என்ற பேச்சே கிடையாது. பூட்டன் காலத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போய் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்த குடும்பம். கஷ்டம் வந்தால் முழந்தாளில் நின்று ஜெபிப்போம். இதைத் தந்தால் அதைச் செய்கிறேன் என்று கடவுளோடு பேரம் பேசுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வடமராட்சிக் கிழக்குக் கரையில் இப்போது என் கணவருக்குப் பெயர் 'நேர்த்திக்கார ஐயா' என்பதாம்.

அவருடைய உண்மையான பெயர் தேவராஜா. வயது அறுபத்து மூன்று. ஊர் உடுவில். முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்தவர். சுன்னாகத்திலிருந்து இணுவில் வரை அவருடைய ரலி சைக்கிள் நுழையாத ஒழுங்கை இல்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நின்றுவிடும் என்பது அதன் சொந்தக்காரரைவிட இவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தாழ்வாரத்து மீற்றரைப் பார்த்தே அந்த வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுவார். இலக்கம் திடீரென்று ஏறினால் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். ஏறாமல் நின்றால் உள்ளே யாரோ தனியாக இருக்கிறார்கள், ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும். எங்கள் ஊரில் இதற்கு விடுப்பு என்று பெயர். இவர் அதை வேலை என்பார்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் குடாநாட்டில் கரண்ட் நின்றது. நின்ற மாதம் வாசித்த இலக்கங்கள் இவருடைய கொப்பியில் கிடந்தன. நாங்கள் வெங்காயம் நட்டோம், சவர்க்காரம் காய்ச்சினோம், தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம், திரும்பி வந்தோம். அந்தக் கொப்பியும் கூடவே வந்தது. பல வருடம் கழித்துக் கரண்ட் திரும்பியதும் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்க்கப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. சில வீடுகளில் இலக்கம் விட்ட இடத்திலேயே நின்றது. சில மீற்றர்களுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சில இலக்கங்களுக்கு வீடே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட மனிதர் இவர். தெரியாமலும் இருக்க மாட்டார், தெரிந்தபின் சும்மாவும் இருக்க மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே கதை கடல்தான். யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். ஆனால் வலிகாமத்துத் தோட்டக்காரச் சனம் கடலைப் பார்ப்பது செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகும்போதுதான். வேதக்காரரான எங்களுக்கு அதுவும் இல்லை. வடக்குக் கரையும் இராணுவ வேலிக்குள் வருடக்கணக்காக அடைத்துக் கிடந்தது. பிறகு துண்டு துண்டாகத் திறந்துவிட்டார்கள். மாதகலில் தொடங்கி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மிதித்தால் எங்கே போய் முடியும் என்று பார்க்கவேண்டும் என்பார். படத்தைப் பார்த்தால் தெரியும்தானே என்று நான் சொல்வேன். படத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க முடியாதாம். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை வெளிக்கிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்த மறுநாள் என்பதுதான் எங்கள் கணக்கு. பங்குனித் திங்கள் அம்மனுக்குரிய நாள், அன்றைக்குத் தெருவில் பையோடு போகிறவரெல்லாம் நேர்த்திக்காரர் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. சைவக்கார அயலில் அறுபது வருடம் இருந்தும் எங்கள் புத்தி அவ்வளவுதான்.

கரியரில் ஒரு பை. அதற்குள் உடுக்க இரண்டு சாரம், காற்றுப் பம்ப், ரியூப் ஒட்டுகிற சாமான், பிஸ்கட், மிச்சமாய்க் கிடந்த ஒரு மீற்றர் கொப்பி. பருத்தித்துறை சுற்றி மருதங்கேணி வரை கரையோரமாகப் போய், அங்கிருந்து பளைக்கு ஏறி, பெரிய ரோட்டால் திரும்பி வருவது திட்டம். பின்னேரம் தவறாமல் போன் எடுக்கவேண்டும் என்பது என் கட்டளை. இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்தப் போன்களில் கேட்டதும், வந்தபிறகு நான் கிண்டிக் கிண்டி எடுத்ததும்தான்.

மீற்றர் கொப்பியில் மூன்று நிரல் இருக்கும். முன் வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, வித்தியாசம். ஒவ்வோர் ஊருக்கும் முன் வாசிப்பு என்ற இடத்தில், போகுமுன் தான் நினைத்திருந்ததை எழுதினார். இப்போதைய வாசிப்பில் கண்டதை எழுதினார். 'மாதகல். முன்: அலை அடிக்கும். இப்போது: குளம் மாதிரிக் கிடக்கு, முழங்கால் ஆழத்தில் ஒருவர் நடந்து போகிறார், கரையிலிருந்து பார்க்க ஆள் தண்ணீருக்கு மேலே நடப்பதுபோல.' 'கீரிமலை. முன்: கேணித் தண்ணீர் கரிக்கும். இப்போது: கரிக்கவில்லை. கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எப்படி?' அந்த 'எப்படி'க்குக் கீழே இரண்டு கோடு.

கடல் சுகமாய்த்தான் இருந்தது. சனம்தான் பெரும்பாடு. வழியில் கண்டவரெல்லாம் முதலில் கேட்பது 'எவடம்?' உடுவில் என்றால், யாருடைய ஆள் என்று அறிய 'ஆற்றை ஆள்?' அதற்கும் பதில் சொன்னால் 'என்ன அலுவலாய்?' சும்மா கடலைப் பார்க்க என்றால் ஒருவரும் நம்பவில்லை. அறுபது வயது தாண்டிய மனிதர், அதுவும் சைக்கிளில், அதுவும் வெயிலுக்குள், சும்மா போவாரா? மாதகலில் ஒருவர், வெளிநாட்டுக்காரருக்குக் காணி பார்க்க வந்தவர் என்று தீர்மானித்து, தன்னுடைய இரண்டு பரப்புக் காணியையும் கூட்டிப்போய்க் காட்டினார். மயிலிட்டியில் கொப்பியைக் கண்ட மீன்பிடிக்காரர்கள், துறைமுகம் அளக்க வந்தவர் என்று முறைப்பாடு சொல்லத் தொடங்கினார்கள். பலாலிப் பக்கம் வேலி வந்து மறித்ததால் உள்ளுக்கு இறங்கிச் சுற்றி வளலாய்க்கு வந்தார். அங்கே ஒரு மனிசி ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்து, வீட்டிலே மனிசியோடு கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டால் பொழுதுபடுமுன் திரும்பிவிடவேண்டும், பெண்சாதிமார் அப்படித்தான் என்று புத்தி சொன்னாளாம். இவர் சோடாவைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார். கேட்ட எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. வளலாய் முழுக்க இப்போது நான்தான் பொல்லாதவள்.

அன்றைக்குத் தொண்டைமானாற்றில் சந்நிதி கோயிலடி மடம் ஒன்றில் தங்கினார். யார் போனாலும் சோறும் பாயும் உண்டு. சோறு போட்டவரும் என்ன அலுவல் என்று கேட்டிருக்கிறார். பகல் முழுக்கப் பதில் சொல்லிக் களைத்த மனிதர் வாயைத் திறக்குமுன், சோறு போட்டவரே சொல்லிவிட்டார். "நேர்த்தியாக்கும். கண்ணகை அம்மனிட்டையோ?"

சுண்டிக்குளம் போகிற வழியில், கரை முடிகிற பக்கம், பனங்கூடலுக்குள் ஒரு சின்னக் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. கண் வருத்தம் உள்ளவர்கள் வெள்ளியில் கண் வடிவமாய்க் கண்மடல் செய்து அங்கே சாத்துவார்கள். இவர் அந்தக் கோயிலைக் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான். ஆனாலும் "ஓம்" என்றார்.

ஒரே ஒரு ஓம். அதோடு உலகம் சீராகிவிட்டது. மேற்கொண்டு கேள்வி இல்லை. இன்னொரு அகப்பை சோறு விழுந்தது. விடிய வெளிக்கிடும்போது நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள், மறுக்க இவருக்கு வாய் வரவில்லை. வல்வெட்டித்துறையில் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. பருத்தித்துறையில் ஒருவர் பின் ரயருக்குக் காற்று அடித்துவிட்டார். எங்கே கேட்டாலும் நேர்த்தி என்றார், சனம் கும்பிட்டு வழிவிட்டது. பொய் சொல்ல இவ்வளவு சுகமாயிருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது என்று போனில் சிரித்தார். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். பொய்யான விடைக்குச் சரி போட எனக்கு வராது. இது எங்கேயோ கொண்டுபோய் விடும் என்று சொன்னேன்.

சொல்லி முடியவில்லை, கொண்டுபோய் விட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணற்காட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே கடலுக்குக் கிட்ட, வெறும் மணலில் கையால் தோண்டிய பூவல் ஒன்றில் ஒரு மனிசி தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள். பெயர் லூர்த்தம்மா, கத்தோலிக்க வேதக்காரி. இவர் வாங்கிக் குடித்தார். இளநீர் மாதிரி இருந்ததாம். எப்படி என்று கேட்க, மழைத் தண்ணீர் மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், ஆழத் தோண்டினால் பழுதாகிவிடும், ஆசைப்படாமல் மேலாக அள்ளவேண்டும் என்று அவள் விளக்கினாள். கீரிமலைக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்த சந்தோசத்தில் இவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். சாப்பிட்டீர்களோ என்று கேட்டாள். இல்லை. குத்தரிசிச் சோறும் ஓராமீன் குழம்பும் வந்தது. ஓராவைப் பற்றி எனக்கு அன்று பின்னேரம் கால் மணித்தியாலம் வர்ணித்தார்.

கை கழுவமுன் பக்கத்து ஊர் குடத்தனையிலிருந்து லூர்த்தம்மாவின் சினேகிதி வந்தாள். உதயகலா என்று பெயர், முப்பது வயது இருக்கும், சைவக்காரப் பிள்ளை. இவருடைய நெற்றித் திருநீற்றையும், கரியர்ப் பையையும் பார்த்துவிட்டு, அம்மனுக்கோ போகிறீர்கள் என்று கேட்டாள். பழக்க தோசம், இவர் ஓம் என்றார். அவள் நின்ற நிலையில் அழத் தொடங்கிவிட்டாள்.

அவளுடைய மகள் யதுசாவுக்கு எட்டு வயது. விளையாடும்போது ஈர்க்குக் குத்தி இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒப்பறேசன். அதற்கு முன் அம்மனுக்குக் கண்மடல் சாத்துவதாகத் தாய் நேர்ந்து, வெள்ளியில் செய்தும் வைத்துவிட்டாள். பன்னிரண்டு நாளுக்கு முன் புருசனின் தகப்பன் செத்துப்போனார். துடக்கு. அந்தியேட்டி முடிய, முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. அவள் மட்டுமில்லை, ஊரே புருசனின் வழித் துடக்குக்காரர், ஒருவரும் போக முடியாது. கண்மடலில் துடக்குப் படக்கூடாது என்று அதைக்கூட லூர்த்தம்மா வீட்டில்தான் வைத்திருந்தாள்.

"நான் கொண்டுபோறன் எண்டு சொன்னனான்," என்றாள் லூர்த்தம்மா. "வேதக்காறி கொண்டுபோனால் நேர்த்தி சேராதெண்டு இவள் பயப்பிடுறாள்."

உதயகலா கும்பிட்டுக்கொண்டு சொன்னாள். "எங்களுக்கு ஒரு வழியும் இல்லை, ஐயா. நீங்கள் நேர்த்தியோடை போற ஆள். இதையும் அம்மன்ரை காலடியிலை வைச்சுவிடுங்கோ."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் பிறகு எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். வாய் வரவில்லையாம். மஞ்சள் துணியில் முடிந்த கண்மடலையும், பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் போன் இலக்கமும் எழுதிய துண்டையும் லூர்த்தம்மா எடுத்து வந்து இவருடைய கையில் வைத்தாள். மற்றக் கையில் இவருடைய எச்சில் சோற்றுக் கோப்பை இருந்தது. அந்தக் கோப்பையையும் இவரையும் அவள் ஒரு மாதிரிப் பார்த்ததாக இவருக்கு ஞாபகம். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது விளங்கவில்லை.

பின்னேரம் அதே கரையிலுள்ள நாகர்கோவிலிலிருந்து போன் எடுத்து, ஓராமீனில் தொடங்கிக் கண்மடலில் முடித்தார். எனக்கு முதலில் வாய் அடைத்துவிட்டது. பிறகு நன்றாகத் திறந்தது. வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டிருக்கிறீர்கள் என்றேன். ஒரு தாயின் பயத்தோடு விளையாடுகிறீர்கள் என்றேன். கடைசியாகத்தான் அது எனக்குப் பட்டது.

"இஞ்சருங்கோ, நேர்த்திக்குப் போறவன் மச்சம் தின்னுவானே?"

மிக மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் என்ன செய்யிறது, பொன்மலர்?"

அந்தக் குரலைக் கேட்க எனக்கு மனம் இளகிவிட்டது. திரும்பிப் போய்க் கொடுத்தால் அவளுக்கு வேறு ஆள் இல்லை, நாளும் இல்லை. கொண்டுபோய் வையுங்கள், ஆனால் வைத்தவுடன் உதயகலாவுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள், பொய்யிலே ஒரு தாயை நிற்கவைத்துவிட்டு வரவேண்டாம் என்றேன். சரி என்றார். சொல்ல வைத்தவள் நான்தான். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை விடிய எழும்பி ஒரு கிணற்றில் தலையில் வார்த்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வெளிக்கிட்டார். மற்றவளுடைய நேர்த்தியை மீன் மணக்கும் வாயோடு கொண்டுபோக மனம் வரவில்லையாம். பெரிய வெள்ளி தவிர ஒரு நாளும் உபவாசம் இருந்தறியாத மனிதர், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு செம்பியன்பற்று தாண்டி, மருதங்கேணிச் சந்தியில் பளைக்குத் திரும்பாமல் நேரே மிதித்தார். வடக்குக் கரைக் கடல் குளம் மாதிரி என்றால், கிழக்குக் கரைக் கடல் வேறு சாதி. ஆள் உயரத்துக்கு எழும்பி வந்து மணலில் அடிக்கும். உடுத்துறையில் சுனாமியில் போனவர்களின் நினைவிடத்தில் சைக்கிளை நிறுத்திப் பெயர்களை வாசித்தார். ஒரே குடும்பப் பெயர்கள் வரிசையாக இருந்தனவாம். அன்றைக்குக் கொப்பியில் எழுதியது அந்த ஊர்ப் பெயர் மட்டும்தான்.

வெற்றிலைக்கேணி தாண்ட மணல் ரோட்டில் முன் ரயர் வெடித்தது. ரியூப் என்றால் ஒட்டலாம், ரயரே கிழிந்தால் என்ன செய்வது? ஒரு மோட்டச்சைக்கிள்காரர் ஏறச் சொல்லியும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். "சைக்கிளிலை போறன் எண்டுதானே சொன்னனான்" என்றார். சொன்னதில் அது ஒன்றுதான் மெய், அதையும் பொய்யாக்க விருப்பமில்லையாம். ஒன்பது கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு நடந்தார். கோயிலடிக்குப் போக நாலரை மணி.

பூசாரி தம்பிஐயா விளக்குத் துடைத்துக்கொண்டு இருந்தார். கண்மடலை வாங்கித் தட்டில் வைத்து, துண்டில் இருந்த பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாய் வாசிக்கச் சொன்னார். "யதுசா, பூரட்டாதி" என்று இவர் வாசித்தார். பிறகு பூசாரி, கொண்டுவந்தவர் பெயர், நட்சத்திரம் என்று கேட்டார்.

வேதக்காரருக்கு ஏது நட்சத்திரம்? ஞானஸ்நான நாள்தான் உண்டு. இவர் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஓராமீன் உட்பட. தம்பிஐயா கேட்டது ஒன்றுதான். "இண்டைக்குச் சாப்பிட்டனீரோ?"

இல்லை என்றார்.

"அப்ப ஏன் தள்ளி நிக்கிறீர்? கிட்ட வாரும்."

கண்மடல் அம்மனின் காலடிக்குப் போனது. இவர் கை கூப்பவில்லை, கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து எங்கள் முறையில் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தார்.

சிக்னல் கிடைக்கிற ஒரு மணல்திட்டியில் ஏறி நின்று போன் எடுத்தார். ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்ற லூர்த்தம்மாதான் பேசினாள். வைத்தாயிற்று என்று சொன்னதும் மாதாவுக்குத் தோத்திரம் சொன்னாள். பிறகு குரலைத் தணித்தாள். "மீன் முள்ளைச் சூப்பின மனிசன் நேர்த்திக்காறனோ? எனக்கு அப்பவே தெரியும். அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

இவர் யோசிக்குமுன் போன் கை மாறிவிட்டது. உதயகலா நன்றி சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு. துடக்குக் கழிந்ததும் தானும் கோயிலுக்குப் போவாள், அப்போது இவருடைய காரியத்துக்கும் சேர்த்துக் கும்பிடவேண்டும். "உங்களுக்கு என்ன நேர்த்தி, ஐயா?"

அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மகளுக்குக் குழந்தை, எனக்கு முழங்கால், எதையாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது காதுக்குள் நின்றதாம். "எனக்கொண்டும் இல்லைப் பிள்ளை. நான் வேதக்காறன். சும்மா கடல் பாக்க வெளிக்கிட்டனான். உம்மட்டை ஓம் எண்டது பொய்."

போன் கட்டாகிவிட்டது. சிக்னலா, அவளா என்று தெரியவில்லை. திரும்ப எடுக்க, எடுக்கவில்லை.

அதோடு கடல் விடுப்பு முடிந்தது. புது ரயர் போட்டுக்கொண்டு பளையால் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவரின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வியாழன் பின்னேரமே லூர்த்தம்மாவைப் பிடித்து விசாரித்திருந்தார். ஒப்பறேசன் முடிந்ததாம், கட்டு அவிழ்க்கவில்லையாம், உதயகலா இப்போது இவரோடு கதைக்க மாட்டாளாம். அடுத்த கிழமை எடுக்கவும் அதே பதில். இவர் கொப்பியைத் திறந்து, கோயிலுக்கென்று ஒரு வரி எழுதினார். முன் வாசிப்பு என்ற இடத்தில், 'நேர்த்தி: இல்லை'. இப்போதைய வாசிப்பு வெறுமையாகக் கிடந்தது.

எனக்கு நித்திரையே இல்லை. ஒப்பறேசனுக்கு முதல்நாள் அந்தத் தாயின் நெஞ்சை உடைத்தது என் உண்மைதானே. கண் தெளிந்ததா இல்லையா என்று தெரியாமல் உயிர்த்த ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கூட வரவில்லை. தெளியாமல் போயிருந்தால் அவள் யாரைக் குற்றம் சொல்லுவாள்? வேதக்காரன் கையில் கொடுத்து நேர்த்தியைக் கெடுத்தேன் என்று ஆயுள் முழுக்கத் தன்னைத்தான் சொல்லுவாள். மன்னிப்புக் கேட்க இருவரும் பஸ்ஸில் போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இவருடைய முழங்கால் ஒரு சாட்டு. பயம்தான் உண்மையான காரணம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயிலால் வந்து நான் சேலை மாற்றக்கூட இல்லை, படலையில் மணி அடித்தது. ஒரு பெண்ணும் கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னப் பிள்ளையும். உடுவில் சந்தியில் இறங்கி மீற்றர் பார்த்த தேவராஜா என்று கேட்க, மூன்று பேர் வழி காட்டினார்களாம். உதயகலா என்று இவர் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தேன். கோபமா, இல்லையா, ஒன்றும் பிடிபடவில்லை.

இவர் வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நேரே பிள்ளையிடம் போய், கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். மேலே இருந்த எங்கள் மீற்றரைக் காட்டி, வாசியும் என்றார். பிள்ளை கழுத்தை நீட்டிக் கண்ணைச் சுருக்கினாள்.

"நாலு," என்றாள். "ஏழு. ரெண்டு. சைபர். மற்றது ஓடிக்கொண்டிருக்கு."

மற்றது ஓடிக்கொண்டுதான் இருந்தது, உள்ளே குளிர்சாதனப் பெட்டி வேலை செய்தது. முப்பத்து நான்கு வருடம் மீற்றர் வாசித்த மனிதர் அந்த ஐந்து இலக்கத்தைத் தான் ஒருதரம் வாசிக்கப் பார்த்தார், முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

உதயகலாவை இருத்திக் கோப்பி கொடுத்தேன். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனவரை அவள் மறித்தாள். "நீங்கள் இல்லையெண்டு சொன்னோடனை எனக்கு நெஞ்சு பக்கெண்டுது, ஐயா. நேர்த்தியில்லாத ஆளிட்டைக் குடுத்துப்போட்டனே எண்டு. பிறகு யோசிச்சன். இல்லையெண்டால் உண்டாக்கிறதுதானே. போனை வைச்சுப்போட்டு அந்த இடத்திலையே நேந்தன். பிள்ளைக்குக் கண் தெளிஞ்சால் வாற பங்குனித் திங்களுக்கு இந்த ஐயா சைக்கிளிலை வந்து உன்ரை வாசல்லை நிப்பார் எண்டு."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"உங்களைக் கேளாமல் நேந்துபோட்டன், குறை நினையாதையுங்கோ. இதைப் போனிலை சொல்லப்படாது. துடக்குக் கழிய நேரிலை வந்து சொல்லவேணுமெண்டுதான் கதைக்காமல் இருந்தனான்."

சைவக்காரர் மற்றவர்களையும் சேர்த்து நேர்வார்கள். தாய் நேர்ந்தால் பிள்ளை மொட்டை அடிக்கும், பெண்சாதி நேர்ந்தால் புருசன் காவடி எடுப்பான். யாரும் அவர்களைக் கேட்பதில்லை, அவர்களும் மாட்டேன் என்பதில்லை. சொந்தமென்றால் அப்படித்தான். ஆனால் யாரோ ஒரு மீற்றர்காரரை, மீன் தின்ற வேதக்காரரை, அவள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். எங்களுக்கு நேர்த்தி இல்லைப் பிள்ளை என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. யதுசா தாழ்வாரத்தில் நின்று, ஒரு கண்ணைத் தானே பொத்திக்கொண்டு, இலக்கம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் இன்னும் கொஞ்சம் கோப்பி வார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் போனபின் இவர் கொப்பியை எடுத்தார். இப்போதைய வாசிப்பு என்ற இடத்தில் 'ஒன்று' என்று எழுதினார். வித்தியாசத்தை எழுதாமல் பேனையை மூடிவிட்டார். கணக்கு வாத்தியாராகிய நான் அதைத் திருத்தவில்லை.

போதகருக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறோம். பங்குனிக்கு இன்னும் காலம் இருக்கிறது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறார், பின்னேரங்களில் இணுவில் வரை மிதித்துப் பழகுகிறார். என்னுடைய லேடீஸ் சைக்கிளையும் இறக்கித் துடைத்து இரண்டு புது ரயர் போடுவித்திருக்கிறேன். அந்தப் பூவல் தண்ணீரை நானும் குடித்துப் பார்க்கவேண்டும். மணற்காட்டில் லூர்த்தம்மா கட்டாயம் ஓராமீன் காய்ச்சுவாள். இந்தமுறை இவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடப் போகத்தானே வேண்டும்.